துப்பறியும் பூவேந்தன் செத்த பக்கம்

அலமாரியில் இரண்டு புத்தகங்களுக்குள் சண்டை.

"துப்பறியும் பூவேந்தன் தொண்ணூறாவது அத்தியாயத்துல செத்துட்டாரு. அவ்வளவுதான்!" என்றது பழைய பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த புத்தகம் அது.

"வாசகர்கள் அழுது கடிதம் போட்டாங்க. எழுதினவரே பிழைக்க வச்சுட்டாரு," என்றது புத்தம் புதிய இரண்டாம் பாகம்.

"அதெல்லாம் செல்லாது! முப்பது வருஷமா அந்தப் பக்கத்தைப் பிரிக்கவே தைரியம் இல்லாம இருக்கேன். இப்போ காட்டறேன், பாரு!"

தொண்ணூறாவது அத்தியாயத்தைப் பிரித்தது. பக்கம் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை.

ஓரத்திலிருந்து புத்தகப் பூச்சி தலை நீட்டியது. "நான்தான் தின்னேன். முதல் அத்தியாயத்துலேருந்து அவர் கூடவே வந்தவன். மனசு கேக்கலை."

பழைய புத்தகம் கோபப்படவில்லை. மெல்லக் கேட்டது:

"அப்போ, எனக்குள்ளயும் அவர் சாகலையா?"