வடக்குப் பக்கத்து ஓர சீட்

“கால் ஒடிஞ்சவனையா வாங்கியிருக்காங்க?”

ஜெர்சிக் கடைக்காரர் பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தை மேசைமேல் விட்டெறிந்தார்.

கால்பந்து கிளப்புகள் ஆள் வாங்கவும் விற்கவும் இருந்த கெடு அன்று மதியத்தோடு முடிந்திருந்தது. கோடை முழுக்க, இதோ வருகிறான், அதோ வருகிறான் என்று கோல் மன்னன் ஒருவனின் பெயரை ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு படி மேலே போய், அந்தப் பெயரின் எழுத்துகளை நாற்பது ஜெர்சிகளுக்கு வெட்டியே வைத்துவிட்டார்.

வந்ததோ வேறு பெயர்.

“அடிச்சுக் குடுங்க தம்பி. முதுகுல பேரு, கீழே ஒன்பது,” என்றார் மூட்டைக்காரர். கிளப்பின் உடைகளுக்குப் பொறுப்பாளர் அவர். இருபது வருடமாக ஜெர்சி மூட்டையைச் சுமந்து சுமந்து அதுவே பெயராகிவிட்டது.

“ஒன்பதா! கோலடிக்கிறவன் நம்பரை ஊன்றுகோல் வச்சிருக்கிறவனுக்கா? ஒரு வருஷத்துக்கு இவன் ஓட மாட்டாண்ணே. போன சீசன்ல நம்ம கேப்டன் இவனை மடக்கிப் போட்டாரே, அதை நேர்ல பார்த்தவன் நான்!”

“அதைத்தான் கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சே,” என்றாள் தையல் மிஷினில் இருந்த மனைவி.

“நீ சும்மா இரு. அண்ணே, உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்காவது மூளை இருக்கா?”

“ஆட்டக்காரர் பட்டியல்ல ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது தம்பி.”

“அதைத்தான் சொல்றேன்! அதையும் பாழாக்கிட்டீங்க.”

மூட்டைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒப்பந்தம் முடிஞ்சதும் இவரோட பழைய கிளப் கழட்டி விட்டுடுச்சு. இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி. ஏதாவது ஒரு கிளப்ல பேரு இருந்தாத்தான் விளையாட்டு வீரர் ஆஸ்பத்திரியில சேர்த்துக்குவாங்க. நேத்து டிரெஸ்ஸிங் ரூம்ல கேப்டன் எழுந்து நின்னாரு. ‘உடைச்சது நான். கோலடிக்கிறவன் அடுத்த வருஷமும் கிடைப்பான். அந்தக் கால் காத்திருக்காது’ன்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. கை தூக்குங்கன்னு யாரும் சொல்லல தம்பி. ஒவ்வொருத்தரா தூக்கினாங்க. ஒன்பதாம் நம்பர்காரர் தன் ஜெர்சியைக் கழட்டி மேசைமேல வச்சாரு. ‘எனக்கு வேற நம்பர் குடுங்க’ன்னாரு.”

தையல் மிஷின் நின்றிருந்தது.

கடைக்காரர் காகிதத்தை எடுத்து நீவினார். அலமாரியைத் திறந்து, கோல் மன்னனுக்காக வெட்டி வைத்த கட்டைப் பிரித்தார். வேண்டிய எழுத்துகளை அதிலிருந்தே ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கிடைக்காத இரண்டை மட்டும் புதிதாக வெட்டினார். அச்சு மிஷின் சூடேறியதும் எழுத்துகளைத் துணியில் வைத்து ஒட்டினார்.

“இன்னொரு விஷயம்,” மூட்டைக்காரர் தயங்கினார். “முதல் ஆட்டத்துக்கு வி.ஐ.பி. மாடத்துல மெத்தை சீட் போடுறோம்னு சொன்னோம். வேண்டாம்னுட்டாரு. வடக்குப் பக்கம்தான் உட்காருவாராம்.”

கடைக்காரர் நிமிர்ந்தார். பதினோரு வருடமாக அவர் உட்காருவது அங்கேதான்.

“அங்கே எதுக்கு?”

“‘நான் விழுந்தப்போ அந்தப் பக்கம் மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. அப்பப்பா, என்ன சத்தம்! அந்தச் சத்தம் நமக்காக வந்தா எப்படி இருக்கும்னு அவங்க நடுவுல உட்கார்ந்து ஒரு தடவை கேக்கணும்’னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. துளி கோபம் இல்ல தம்பி. எனக்குத்தான் உடம்பு சிலிர்த்துப் போச்சு.”



“அன்னைக்கு உங்களுக்குத் தொண்டை கட்டி மூணு நாள் பேச்சே வரலையே,” என்றாள் மனைவி மெதுவாக.

கடைக்காரர் ஒட்டிய எழுத்துகளை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“காலை நீட்டி உட்காரணும். நடைபாதை ஓரமா இருந்தா வசதி,” என்றார் மூட்டைக்காரர். “அங்கே ஓரத்துல இருக்கிறது உங்க சீட்டு. அதான், உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு…”

கடைக்காரர் ஜெர்சியைப் பெயர் தெரியும்படி மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“தாராளமா உட்காரட்டும்ணே. நடைபாதை என் சீட்டுக்கு இடது பக்கம். அவருக்கு அடிபட்டது எந்தக் கால்ணே?”

எல்லாம் கண்ணெதிரே நடந்ததுதான். கை தட்டிய மும்முரத்தில் அதை மட்டும் அவர் பார்க்கவில்லை.