இறக்கத்தில் மிச்சமான டீசல்

ஜீப் அடிக்கடி சொல்லும் சமாதானத்தை டிரெய்லர் பல வருடங்களாக நம்பவில்லை. கட்டிலையும் அடுப்பையும் சுமந்துகொண்டு ஜீப்பின் பின்னால் அது ஊர் ஊராகச் சுற்றிய காலம் போய், இப்போது இரண்டும் ஒரே கொட்டகையில் நின்றன.

“நான் இல்லேன்னா லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருப்பீங்கண்ணே. என்னை இழுத்ததால ஏழுதானே?” என்று டிரெய்லர் புலம்பும்போதெல்லாம் ஜீப் சிரிக்கும்.

“அட போடா! ஏத்தத்துல நான் உன்னை இழுத்தேன். இறக்கத்துல முதலாளி டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல் போட்டுடுவாரு. அப்ப நீதானே என்னைத் தள்ளின? சரியாப் போச்சு.”

இன்று காலை பழைய இரும்புக்காரர்கள் வந்து ஜீப்பைச் சங்கிலி கட்டி லாரியில் ஏற்றினார்கள். தான் வெறும் சுமைதானா என்று இனிக் கேட்க ஆளில்லை. டிரெய்லருக்கு அந்த மலைப்பாதைகள் நினைவுக்கு வந்தன. யூகலிப்டஸ் வாசனை, கொண்டை ஊசி வளைவுகள், கூடவே ஏதோ கருகும் நாற்றம். தன் அடுப்பிலிருந்து வருகிறது என்றுதான் அதை இவ்வளவு நாளும் நினைத்திருந்தது. ஆனால் ஓடும்போது யார் அடுப்பு மூட்டினார்கள்? அது, பின்னாலிருந்து தள்ளிய தன் கனத்தைத் தடுத்துப் பிடித்துக் கருகிய ஜீப்பின் பிரேக்.

லாரி கிளம்புவதற்குள் டிரெய்லர் அவசரமாகக் கூப்பிட்டது.

“அண்ணே, இறக்கத்துல நான் தள்ளினப்பல்லாம் உங்களுக்குப் பயமா இருந்துச்சா?”