வேப்பிலை வீட்டுச் சாட்சி

"நீங்க ஜன்னலோட நில்லுங்க கிராணியாரே. உள்ள நான் பாத்துக்கிறேன்."

நிலையில் தொங்கிய வேப்பிலைக் கொத்தை விலக்கிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் நுழைகிறவன் போல மருதமுத்து உள்ளே போனான். லாயர் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஜெயபாலன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றான். காஜா பேராங் குடியிருப்பில் அப்போது வேப்பிலை கட்டாத வாசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து லாயர் மாணிக்கவாசகத்தின் ஆபீஸை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குள் அம்மை இறங்கிய பிறகுதான் மறுபடி ஆள் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் உயில் எழுத வேண்டும். எழுந்து வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். கைநாட்டு வைப்பதை இருவரும் கண்ணால் பார்க்க வேண்டும். வேப்பிலை வீட்டுக்குள் எவன் போவான்? அம்மை குத்திக்கொள்ள ஆஸ்பத்திரியில் மருந்தும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் கூலி வேலை கேட்டு மாடிப்படி ஏறி வந்தான் மருதமுத்து. அவன் முகத்தைப் பார்த்ததுமே லாயருக்கு வழி பிறந்துவிட்டது. "ஆத்தா ஒரு தடவை வந்துட்டுப் போன உடம்புய்யா இது. மறுபடி கிட்ட வர மாட்டா. இவன் உள்ள போகட்டும், நீ ஜன்னல்ல நின்னு பாரு. சட்டத்துக்கு அது போதும்" என்றார் ஜெயபாலனிடம்.

மருதமுத்துவுக்குக் கழுத்திலிருந்து நெற்றி வரை குழி குழியாக இருந்தது. வலப் பக்கம் மட்டும்தான். "பாதி மொகத்துலயே ஆத்தாளுக்குச் சலிச்சுப் போச்சு போலண்ணே" என்று ஜெயபாலன் கேலி செய்தான். மருதமுத்து சிரித்து வைத்தான்.

அன்றைக்கே இருவர் கையிலும் ஆபீஸ் ஆள் என்று ஜப்பான் முத்திரை போட்ட துணியைக் கட்டிவிட்டார் லாயர். அந்தத் துணி இருக்கும்வரை சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆபீஸ் மூடினால் துணியும் போகும். சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவன் என்று ஒருவனையும் காஜா பேராங் இன்னும் பார்க்கவில்லை.

இந்த மூன்று வாரத்தில் இது பத்தாவது வீடு. உள்ளே பாயில் கிடந்தாள் பலகாரக் கடை பூங்காவனம். கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. வாய் மட்டும் அடங்கவில்லை.

"யாரு, லாயரா?"

"இல்லம்மா, அவரு ஆளுங்க. லாயரு பண்டார் ஹிலிர்ல மாடியில இருக்காரு. எறங்கறதில்ல."

"ஏன், எமனுக்கு மாடிப்படி ஏறத் தெரியாதாமா?"

வேறு நாளாக இருந்தால் ஜெயபாலன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போதெல்லாம் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. காகிதத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு, "வீடு யாருக்கும்மா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"எம் மருமவ சந்திரமதிக்கு. சயாமுக்குப் போன எம் மவன் வந்தான்னா, அவளாப் பாத்துப் படுக்க ஒரு மூலை குடுக்கட்டும். கொழுந்தன் கைக்கு வீடு போச்சுன்னா, செத்தும் வந்து வாசல்ல நிப்பேன்னு எழுதிக்க."

"அதையெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்புறம் என்னத்துக்குடா ஒனக்கு லாயர் ஆபீசு?"

எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, காகிதத்தைப் பிளந்த மூங்கிலில் செருகி உள்ளே நீட்டினான். மருதமுத்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பெருவிரலில் மை தடவி மெதுவாக ஊன்றி எடுத்தான். பிறகு ஈரத் துணியால் அந்த விரலைத் துடைத்துவிட்டு, வாயில் இரண்டு மடக்குத் தண்ணீரும் ஊற்றினான்.

"நல்லா இருப்பே" என்றாள் பூங்காவனம்.

 மருதமுத்து தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, காகிதத்தை மூங்கிலிலேயே திருப்பி அனுப்பினான். வேப்பிலைப் புகையில் அதைக் காட்டிய பிறகு ஜெயபாலனும் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும் வழியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெயபாலன் முன்னால் நடந்துகொண்டே, "கிளேபாங்லேருந்து ஆள் வந்திருக்கு. தெங்கேராவுலயும் ஒரு வீடு இருக்காம். லாயருக்கு ஒரே குஷி. இப்படியே போச்சுன்னா சண்டை முடியிற வரைக்கும் ஓட்டிடலாம்ணே" என்றான்.

பதில் வராமல் திரும்பிப் பார்த்தான். மருதமுத்து ரோட்டின் அந்தப் பக்கம் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். அந்த வெயிலிலும் குளிரில் பல் கிட்டித்தது.

"என்னண்ணே, மலேரியாவா? எந்திரிங்க, தோளைப் பிடிச்சுக்குங்க."

"கிட்ட வராதீங்க."

"அட, எனக்கு ஒண்ணும் ஆகாது. நேத்தும் மலேரியாக்காரன் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

மருதமுத்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான். நெஞ்சில் அங்கங்கே சிவப்பாகக் கிளம்பியிருந்தது.

ஜெயபாலன் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அதெப்படிண்ணே? ஒரு தடவை வந்த ஒடம்புக்கு மறுபடி வராதுன்னாரே லாயரு?"

"மொகத்துல இருக்கறது ரப்பர் தோட்டத்துல பாலுக்கு ஊத்துற திராவகம் தெறிச்சது. ஆத்தா இப்பத்தான் மொத தடவையா வர்றா, கிராணியாரே."