இரண்டு பெட்டிகள்

நேர்காணல் அறையின் பலகையில் ஜெசிந்தா இரண்டு பெட்டிகள் வரைந்தாள். "ஒரே கிளாஸ்ல பிறந்திருந்தாலும், இந்த ஆப்ஜெக்ட் தனக்குள்ள பூட்டி வச்ச பிரைவேட்டை அந்த ஆப்ஜெக்ட் தொட முடியாது சார்."

"தாராளமா தொடலாம்மா," என்று சிரித்தார் தணிகாசலம். நேர்காணல் எடுப்பவர்; இருபது வருடமாக ஜாவா மொழியில் புரோகிராம் எழுதியவர்.

"நான் எழுதுற ரூபி லாங்குவேஜ்ல முடியாது சார்."

"ஊருக்கு ஊர் மாற இதென்ன சாம்பாரா?"

உடனிருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் விண்ணப்பத்தில் 'அடிப்படை தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார் தணிகாசலம்.

மறுவாரம் மனசு கேட்காமல், அதே அறையில் உட்கார்ந்து ரூபியில் நாலு வரி எழுதி ஓட்டிப் பார்த்தார். ஒரு ஆப்ஜெக்ட் மற்றதன் பிரைவேட்டைத் தொட்டதுமே பிழை காட்டி நின்றது. வேலைக்கோ வேறு ஆள் வந்தாயிற்று. மன்னிப்பாவது கேட்கலாமென்று அவளைப் போனில் அழைத்துத் தன் பெயரைச் சொன்னார்.

"சார்! செலக்ட் ஆயிட்டேனா?"

பலகையில் பெட்டிகள் இன்னும் அழியாமல் இருந்தன. அவர் டஸ்டரைத் தேடினார்.