ஆள் இல்லை, இயந்திரம்

கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்ததும் சுரேந்தர் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினான்.

மத்தியானம் இரண்டு மணி. தொண்டாமுத்தூரைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே ஒற்றை வீடு. கூப்பிடுகிற தூரத்தில் ஈ, காக்கை கிடையாது. வீட்டார் மதுக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், வர இருட்டிவிடும். வீட்டுக்குள் இருந்தது சுரேந்தர் ஒருத்தன்தான்.

மாடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். அழுக்கு லுங்கி, முழங்கால் வரைக்கும் சேறு, தோளில் கடப்பாரை. இந்த லட்சணத்தில் விருந்தாளியா வருவான்? ஆள் கேட்டுப் பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். அப்புறம் இடுப்பு மடியில் எதையோ துழாவினான்.

சந்தேகமே இல்லை. திருட்டுப்பயல்தான்!

முன்கதவு பூட்டியிருந்தது, சரி. பின்கதவின் கொண்டி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தானானால் கதை முடிந்தது. எதிர்த்து நிற்கவா முடியும்? சுரேந்தர் இதுவரை கையில் தூக்கிய பெரிய ஆயுதம் மைக் ஸ்டாண்டுதான்.

விட்டுவிட்டு ஓடலாம்தான். ஆனால் இந்த மாடி அறையை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? சுவரெல்லாம் ஸ்பாஞ்சு அட்டை ஒட்டி, வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய வாகாக அமைத்த அறை. கீபோர்டு, ஸ்பீக்கர், ஹெட்போன். நடுவில் அந்த மைக்! அப்படியொரு மைக்குக்காக ஆறு வருஷம் ஏங்கியவன் சுரேந்தர். அது இன்னொருத்தன் கைக்குப் போவதா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

இரண்டு ஸ்பீக்கரையும் ஜன்னல் பக்கம் திருப்பினான். குரலை மாற்றும் பெட்டியில் ரோபோக் குரலுக்கென்று மூன்று திருகு இருந்தன. ஒன்று, குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் நிற்க. இன்னொன்று, அடியில் ஒரு கட்டைக்குரல் சேர்ந்து வர. மூன்றாவது, தகரக் குழாய்க்குள் பேசுகிற மாதிரி ஓர் இரைச்சலுக்கு. திருகுவதெல்லாம் பெரிய காரியமில்லை. மூச்சு மைக்கில் விழக்கூடாது; இயந்திரம் மூச்சு விடாது. அதைவிடக் கஷ்டம், பிறந்ததிலிருந்து நாக்கில் ஒட்டிக்கிடக்கும் 'ங்க'வைக் கழற்றுவது. இயந்திரம் யாருக்கு மரியாதை கொடுக்கப்போகிறது?

"நில். இந்த வீடு இயந்திரக் காவலில் உள்ளது."

தோப்பே அதிர்ந்தது. ஆள் பூட்டை விட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

"காவல் இயந்திரம். உன் முகம் பதிவாகிவிட்டது. பூட்டைத் தொட்டால் போலீசுக்குத் தகவல் போகும்."

"அட! ஆளில்லீங்களா?"

"ஆள் இல்லை. இயந்திரம்."

"காத்தால இல்லீங்களே. எப்பங்க மாட்டுனாங்க?"

காலையிலேயே வந்து நோட்டம் விட்டிருக்கிறான் பாவி! சுரேந்தருக்கு உள்ளங்கை வேர்த்தது. குரல் மட்டும் வேர்க்கவில்லை.

"பதினோரு மணிக்கு. விலகிப் போ."

"கரண்டு கிரண்டு அடிக்குங்களா?"

"அடிக்கும்."

ஆள் ஓர் அடி பின்னால் போனான். மாடியை அண்ணாந்து பார்த்தான். "செரீங்க. அப்ப நான் வாரேனுங்க" என்று கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினான். நாலு எட்டு வைத்தவன் நின்று திரும்பினான்.

"ஏனுங்க, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

ஒரே சுருதியில், கட்டைக்குரலோடு, தகர இரைச்சலோடு அது தோப்பு முழுக்கக் கேட்டது. சுரேந்தர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இனிமேத்தானுங்க" என்று தலையாட்டிவிட்டு ஆள் நடையைக் கட்டினான்.

அப்பாடா! நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆனாலும் திரும்பி வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? சுரேந்தர் முதல் வேலையாக மைக்கைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தான். அப்புறம் வயர்கள். கண்டபடி சுருட்டினால் உள்ளே அறுந்துபோகும். வளையம் வளையமாக, முறுக்கு விழாமல் சுருட்டவேண்டும். தொழில் தெரிந்தவன் எந்த அவசரத்திலும் அதை விடமாட்டான். ஏழு வயர் இருந்தது. அரைமணி நேரம் பிடித்தது.

ஏழாவது வயரைச் சுருட்டும்போது ஜீப் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். கேட்டுக்கு முன்னால் போலீஸ் ஜீப். அதிலிருந்து, இரண்டு போலீசாருக்கு நடுவே, அந்தக் கடப்பாரை ஆள் இறங்கினான். சுரேந்தர் மைக் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மிசினுதான்னு அதுவே சொல்லுச்சுங்கறீங்க. அப்புறம் உள்ள ஆள் இருக்குதுன்னு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார் எஸ்.ஐ. நிஜாம்.

"சாப்டாச்சுன்னு சொன்னதைக்கூட நம்பிப்போட்டேனுங்க. இப்பத்தான் என்னென்னமோ மிசினெல்லாம் வருதுங்களே. ஆனா 'நீங்க?'ன்னு நம்மளைத் திருப்பிக் கேட்டுது பாருங்க, அது நம்மூர்ல பொறந்து வளந்த ஆளுதானுங்க!"

சொல்லிக்கொண்டே, தென்னைக்குக் குழி தோண்டித் தண்ணீர் பாய்ச்சவேண்டுமென்று கல்யாணத்துக்குப் போகாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்ட வீட்டுக்காரர் திருமலைசாமி, இடுப்பு மடியிலிருந்து சாவியை எடுத்துப் போலீசுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்.