மேனேஜர் மோந்த பின்னல்

"பூனை போனா நானும் போறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிய கூடையா எடுத்துட்டு வாடா!"

மாமியார் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் பூனை. அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது, எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்க்கும். அதனால் அந்தப் பதவி.

மகன் சோபாவுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று நெற்றியைத் தேய்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் நிற்கிற இடம் அதுதான்.

ஐந்து வயதுப் பேத்திக்குச் சில மாதங்களாக இழுப்பு. பகலெல்லாம் துள்ளுகிற குழந்தைக்குப் பொழுது சாய்ந்ததும் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். போன வாரம் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது மொத்தக் கட்டிடமும் படிக்கட்டில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டு மருமகளின் ஆராய்ச்சியே இழுப்பைப் பற்றித்தான். "ஊருக்கெல்லாம் மருந்து கண்டுபிடிக்கப் போறாளாம், வீட்டுல பாரு" என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடி சொன்னது மாமியார் காதுக்கும் வந்துதான் இருந்தது.

கதவு திறந்தது. மருமகள் வேலையிலிருந்து வந்துவிட்டாள். உடனே மேனேஜர் மடியிலிருந்து குதித்து ஓடியது. தினமும் இதே கூத்து. அவள் கையை, தோளை, பின்னலை மோந்து மோந்து கிறங்கிப் போகும். வேளாவேளைக்குச் சோறு போடுகிறவர் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்! போட்டிக்குப் பேத்தியும் ஓடிவந்து இடுப்பில் ஏறி, அம்மாவின் பின்னலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நல்ல கனத்த பின்னல்தான். வேலையிடத்தில் தரும் தொப்பியைப் போட்டால் நசுங்கிவிடும் என்று போடாமலே காப்பாற்றி வருகிறாள்.

"என்னை அதுக்கு ரொம்பப் பிடிக்கும் அத்தை. அதை வெளிய அனுப்ப எனக்கு மட்டும் மனசு வருதா?" என்றாள் பூனையைப் பார்த்து. "அலர்ஜி செல்லுல கால்சியம் உள்ள போறதுக்குன்னு குட்டிக் குட்டி வாசல் இருக்கு. ஒத்துக்காதது பட்டா வாசல் திறந்துக்கும். கால்சியம் உள்ள பாயும். உடனே செல்லு தன்கிட்ட இருக்கற ரசாயனத்தை வெளிய கொட்டும். மூச்சுக்குழாய் இறுகிடும். அந்த வாசலை மூட முடியுமான்னுதான் நாங்க பாத்துக்கிட்டிருக்கோம். அது வரைக்கும், வாசலைத் திறக்கறது எதுவோ அதை வெளிய அனுப்பித்தான் ஆகணும்."

"கால்சியம் ஜாஸ்தின்னா பாலை நிறுத்து. பூனையை ஏன் நிறுத்தற?"

"அது குடிக்கற கால்சியம் இல்ல அத்தை..."

"எதுவோ! நீ மீட்டிங்குன்னு ஒரு வாரம் வெளியூர் போனியே, அப்பவும் மேனேஜர் இங்கதான் இருந்தான். புள்ளைக்கு ஒரு இருமல் உண்டா? நீ வீட்ல இல்லைன்னா அவ நல்லாத்தான் இருக்கா!"

மருமகளின் முகம் சுண்டிவிட்டது. நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று மாமியாருக்கே உறுத்தியது. ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்போது பேத்தியின் நெஞ்சிலிருந்து விசில் கிளம்பியது.

மாமியார் எழுந்து போய்க் கூடையைத் தானே எடுத்து வந்தார்.

மேனேஜர் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இடமாற்றலில் போனது. விசில் மட்டும் நிற்கவில்லை. "பூனை போனாலும் அதோட முடியும் பொடுகும் மாசக்கணக்குல வீட்ல இருக்கும்" என்றாள் மருமகள். திரைச்சீலை போயிற்று, கம்பளம் போயிற்று, மாமியாரின் பஞ்சுத் தலையணையும் போயிற்று. அடுத்தது நான்தான் என்று மாமியார் தன் பெட்டியைத் தூசி தட்டி வைத்தார்.

கடைசியில் டாக்டர், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, குழந்தையின் கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார். மருமகளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"பூனைக்கு ஒண்ணும் இல்ல! தூசிக்கு இல்ல, பஞ்சுக்கு இல்ல. என் மேனேஜர் நிரபராதி! ஒரே ஒரு சொட்டுதான் கொசு கடிச்சாப்பல தடிச்சுது. என்ன தெரியுமா? எலியாம்! பூனை ஆண்ட வீட்ல எலி எங்கருந்து வரும்? முதல்ல அந்த டாக்டருக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பேத்தி கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது.

"கிட்ட வராத!"

குழந்தை அப்படியே நின்றது. அம்மா கத்தி அது கேட்டதே இல்லை. உதடு பிதுங்கியது.

"கோட்டு போட்டேன் அத்தை. கையுறை போட்டேன். தொப்பிதான் போடல." பின்னலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அந்தக் கால்சியம் வாசலை மூடிப் பாக்கறது எல்லாமே எலிங்ககிட்டதான். பகல் முழுக்க வெள்ளை எலிங்க நடுவுலதான் இருக்கேன். நான்தான் அத்தை... தினமும் எலித் தூசியைக் கொண்டுவந்து அவ மூக்குல வச்சிருக்கேன்."

ஜெயித்த மாமியார் பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. பக்கத்துக் கதவுகளெல்லாம் ஒரு விரல் திறந்து காத்திருந்தன. அவரோ பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டை மட்டும் மருமகளை நோக்கி வீசினார். "வெந்நீர் போடறேன். தலைக்குக் குளிச்சிட்டு வந்து தூக்கிக்க."

இப்போதெல்லாம் அவள் வேலையிடத்திலேயே தலைக்குக் குளித்து, உடுப்பு மாற்றித்தான் வருகிறாள். விசில் நின்றுவிட்டது. மேனேஜரும் பதவிக்குத் திரும்பியது. வந்த முதல் மாலை ஆசையாய் ஓடிப்போய் அவள் பின்னலை ஒரே ஒரு முறை மோந்தது. பிறகு, யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோல் பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு மாமியார் மடிக்கே வந்துவிட்டது.