முழுசாய்ச் சொல்லுங்கோ

கொக்குவிலில் உள்ள கடைக்காரர்கள் எல்லாரையும் எலோடிக்குப் பிடிக்கும், உதயகலாவைத் தவிர.

பிரான்சிலிருந்து கணவன் பஸ்காலோடு அவள் யாழ்ப்பாணத்துக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பஸ்காலுக்குத் தோட்டக்காணிகளின் மண்ணை ஆராய்கிற வேலை. சாமான் வாங்குவது எலோடியின் பாடு. மற்றக் கடைகளில் அவள் விரலை நீட்டினால் போதும், பொருள் பைக்குள் வந்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த உதயகலாவின் கடையில் மட்டும் அது நடக்காது. முட்டையைக் காட்டினால் உதயகலா முட்டையைப் பார்க்கமாட்டாள். எலோடியின் வாயைத்தான் பார்ப்பாள்.

“முட்டை,” என்பாள் எலோடி.

“முட்டைக்கு என்ன? முழுசாய்ச் சொல்லுங்கோ.”

பின்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள். எலோடிக்குக் காது சிவந்துவிடும். எனக்கு முட்டை வேணும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தால், என்ன சமையல், மனுசனுக்குச் சுகமோ என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்லாமல் பை கைக்கு வராது.

வெளிநாட்டுக்காரி என்ற இளக்காரம் அது, வேறு கடைக்குப் போ என்றான் பஸ்கால். வீட்டுச் சொந்தக்காரர் பரமலிங்கத்திடம் முறையிட்டாள். அந்த மனுசி கொஞ்சம் பிடிவாதக்காரிதான், ஆனால் சாமான் நல்லது, அங்கேயே வாங்குங்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நழுவிவிட்டார். மழைக்காலத்தில் தூரத்துக் கடைக்குப் போகவும் முடியவில்லை. எலோடி பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே போனாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் இருவரும் சண்டிலிப்பாய்ப் பக்கம் சைக்கிளில் போனார்கள். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே பஸ்காலின் சைக்கிள் வளைந்து வளைந்து போய் வேலியில் சரிந்தது. அவன் முகமெல்லாம் வியர்வை. என்ன என்று கேட்டதற்கு உளறினான். கை நடுங்கியது.

தோட்டத்தில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். குடித்துவிட்டு விழுந்திருக்கிறார் என்றார் ஒருவர். இல்லை, வெயில்தான், நிழலில் படுக்கவிட்டால் தன்பாட்டில் தெளியும் என்றார் இன்னொருவர். அவனைத் தூக்கிப் படுக்கவைக்கப் போனார்கள்.

எலோடி குறுக்கே புகுந்தாள்.

“அவர் குடிக்கேல்லை. அவருக்குச் சீனி வருத்தம். காலமை ஊசி போட்டவர், சாப்பிட்டது காணாது. இப்ப சீனி குறைஞ்சு போச்சு. படுக்க விடாதேங்கோ. தண்ணியிலை சீனி கரைச்சுக் கெதியாய்க் கொண்டு வாங்கோ, அண்ணை.”

வெயில் என்று சொன்னவர் தன் வீட்டை நோக்கி ஓடினார்.

இரண்டு குவளை குடித்து, கொஞ்ச நேரம் சாய்ந்திருந்த பிறகு பஸ்காலின் பார்வை தெளிந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்போதுதான் எலோடிக்கு அழுகை வந்தது. தண்ணீர் கொண்டு வந்தவரின் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, எங்களைப் போலவே கதைக்கிறியளே, ஆர் சொல்லித் தந்தது என்று கேட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட எலோடிக்கு உதயகலாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று பின்னேரமே கடைக்குப் போனாள். உதயகலா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பேசியது பிரெஞ்சு. பாரிஸ் தெருக்களில் காதில் விழுகிற, தடங்கலே இல்லாத பிரெஞ்சு.

திரும்பியவள் எலோடியைக் கண்டதும் தொலைபேசியை மெல்லக் கீழே வைத்தாள்.

“உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமோ, அக்கா?” எலோடி தமிழில்தான் கேட்டாள்.

“ஓம். கனகாலம் பாரிஸிலை இருந்தனான். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு பரமலிங்கத்தாரை மறிச்சதும் நான்தான்.”

“ஏன்?”

“அங்கை எல்லாரும் நல்ல சனம், தங்கச்சி. நான் வாய் திறக்க முதலே எனக்காகக் கதைச்சிடுவினம். ஒருநாள் ஆஸ்பத்திரியிலை, பிள்ளைக்கு எங்கை நோகுதெண்டு கேக்கினம், எனக்கு ஒரு சொல்லும் வரேல்லை. எங்கடை தெருவிலை பாண் விக்கிற பேக்கரி வைச்சிருந்த ஒரு மனுசிதான் எனக்கு இரக்கமே காட்டாதவ. நான் பிழைபிழையாய்க் கேட்டு முடிக்குமட்டும் பாணைக் கையிலை தரமாட்டா.”

உதயகலா சிரித்தாள்.

“அவவைப் போல ஒரு பொல்லாத மனுசி பூமியிலை இல்லையெண்டு எத்தினை நாள் அழுதிருப்பன்.”